ஐந்து மணிக்குப் பிறகு நான் போன வீடு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தருகிற பிரிவு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். அங்கே இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். "அந்தக் காலத்திலேயே நீங்க பேஷண்ட் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீங்களாமே சார், அதைப் பத்தி எங்களுக்கு எழுதிக் கொடுங்க" என்றார்கள். முன்னோடி என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாளில் நான் அப்படிப் போன வீடு ஒன்றே ஒன்று. அங்கே நடந்ததை உள்ளபடி எழுதினால் அவர்கள் எதிர்பார்க்கிற கட்டுரை கிடைக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிவிட்டது. இனி யாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும்?

யுத்தம் நடந்தபோது ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆர்டர்லியாக இருந்தேன். அடிபட்டு வந்தவர்களின் கைகால்களைப் பிடித்துவிடவும் மடக்கி நீட்டவும் அங்கே பழகினேன். யுத்தம் முடிந்ததும், அவர்கள் கொடுத்த சான்றிதழோடு ராயப்பேட்டைக்குத் திரும்பி வந்தேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. இன்று பிசியோதெரபி என்று சொல்வதை அன்று மசாஜ் டிபார்ட்மெண்ட் என்பார்கள். கட்டடத்தின் பின்பக்கத்தில் நீளமாக ஒரே அறை. நடுவில் பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். நான்கு மரக் கட்டில்கள், மெழுகு உருக்கும் தொட்டி, சூடு தரும் சிவப்பு விளக்கு, தசையைத் துள்ள வைக்கும் மின்சாரப் பெட்டி. அவ்வளவுதான் எங்கள் சொத்து.

அந்த அறைக்குப் பொறுப்பு மிஸ் ரொசாரியோ. சாந்தோம் பக்கத்து ஆங்கிலோ இந்தியர். வயது நாற்பதுக்குள் இருக்கும். குள்ளமான உருவம், முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. அவர் பேசுகிற தமிழ் எங்கள் தெருத் தமிழேதான். ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'மேன்'.

முதல் நாள் என்னைப் பார்த்ததும், "கையக் காட்டு மேன்" என்றார். நான் சான்றிதழை நீட்டினேன். அதை வாங்காமல் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுனு கீது. இந்தக் கைய வெச்சு ஒருத்தன் கால தொட்டா அவன் தச இன்னா பண்ணும்? சுருட்டிக்கும். அப்புறம் அத அவுக்கறதுக்கே உனக்குப் பத்து நிமிஷம் ஆவும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் வெந்நீரில் கையை அலம்பி, துடைத்து, பவுடர் தடவிக்கொண்டுதான் தொடுவேன். அளவெடுப்பதிலும் அவர் அப்படித்தான். 'தேவலை', 'பரவாயில்லை' என்று அட்டையில் எழுதினால் ரப்பரால் அழித்துவிடுவார். பித்தளைக் கோணமானியை மூட்டின் மேல் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுத வேண்டும். தொடையை முழங்கால் சிப்பிக்கு மேல் ஆறு அங்குலத்தில் நாடா வைத்து அளக்க வேண்டும். அதோடு நல்ல காலையும் அளந்து பக்கத்திலேயே எழுத வேண்டும். "நல்ல கால அளக்காம கெட்ட கால அளந்து இன்னா புரோஜனம்?" என்பார். மூட்டை மடக்கும்போது நம் கண் மூட்டின் மேல் இருக்கக் கூடாது. "மூஞ்சியப் பாரு மேன். வலிக்கலன்னு வாய் சொல்லும், மூஞ்சி சொல்லாது."

இத்தனை நுணுக்கமான ஆள், ஐந்து மணி ஆனதும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கையில் இருக்கிற நோயாளியை முடிப்பார்; அதற்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டார். வாசலில் ரிக்ஷா காத்திருக்கும். சாயங்காலத்தில் அவர் வீட்டில் சீட்டுக் கச்சேரி நடக்கும் என்று கேள்வி. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கைத்திறமை உண்டு, மனசு கிடையாது என்று அவரைப் பற்றி முடிவுகட்டி வைத்திருந்தேன். வீட்டில் மரகதத்திடம் சொல்லியும் இருக்கிறேன். மரகதம் என் மனைவி. "அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போனா தப்பா?" என்று அவள் கேட்டாள். கேட்டதன் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் சேஷாத்ரி சார். டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. சித்திரையில் வந்தவர், எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு மூன்று மாதம் படுத்துக் கிடந்தார். எலும்பு கூடிய பிறகு எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். முழங்கால் மரக்கட்டை போல இருந்தது. முதல் நாள் இருபது டிகிரிதான் மடங்கியது. வலது தொடை இடது தொடையைவிட மூன்று அங்குலம் இளைத்திருந்தது.

காலைவிடப் பெரிய சங்கடம் அவருடைய பயம். கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்தாலே இரண்டு கைகளாலும் என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார். நாற்பது பையன்களை ஒரு பார்வையில் அடக்குகிற மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் உள்ளங்கையில் வேர்வை வழியும். "விட்டுடாதேள், விட்டுடாதேள்" என்பார். நான் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தார். பிறகு பத்து அடி.

ஆவணியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊன்றுகோல் கொடுத்திருந்தோம். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி ராஜலக்ஷ்மி அம்மாள் அபிராமபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஆத்துக்கு வந்த நாள்லேர்ந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறார். உங்களைக் கூட்டிண்டு வான்னு சொல்லிண்டே இருக்கார்" என்றார். பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை முடிகிறவரை அவருக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நடந்து போய் வகுப்பில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

அன்று மாலையே சைக்கிளில் போனேன். மறுநாளும் போனேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

மிஸ் ரொசாரியோவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "எத்தினி நாளைக்குப் போவப் போறே?"

"அவர் நடக்கிற வரைக்கும் மிஸ்."

"அது கணக்கு இல்ல மேன். ஒருத்தனத் தொட்ட அன்னிக்கே, எப்ப கைய எடுக்கணும்னு ஒரு நாள் வெச்சிக்கணும்."

சீட்டாடப் போகிறவர் பேசுகிற பேச்சு இது என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்கு நான் போனது இரக்கத்தால் மட்டும் அல்ல. வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் உள்ளேயிருந்து, "டாக்டர் வந்துட்டார்" என்று குழந்தைகள் கத்தும். நான் டாக்டர் இல்லை என்று முதல் நாள் சொன்னேன். பிறகு சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராஜலக்ஷ்மி அம்மாள் அவர்கள் குடிக்கிற வெள்ளி டம்ளரிலேயே எனக்குக் காபி கொடுத்தார். என் போன்ற ஒருவனுக்கு அந்தத் தெருவில் அந்த டம்ளர் கிடைப்பது அந்த நாளில் சாதாரண விஷயம் இல்லை. ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல்தான் சிகிச்சை செய்தேன். அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. சேஷாத்ரி சார் என் கையைப் பிடித்தபடி கூடத்தில் நடப்பார். நட்சத்திரங்களின் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எனக்குச் சொல்வார். முழங்கால் ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று மடங்கிக்கொண்டே வந்தது. ஏழரை மணிக்குமேல்தான் நான் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமையும் போவேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மூன்று வயது மகள் வசந்தா தூங்கியிருப்பாள். மரகதம் சோறு போடுவாள். பகலில் நடந்ததை ஏதோ சொல்வாள். நான் மறுநாள் சாருக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

தை மாதம் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். கணுக்கால் சுளுக்கிய ஒரு தபால்காரருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மிஸ் ரொசாரியோ புதிய நோயாளி ஒருவருக்கு அட்டை எழுதுவது காதில் விழுந்தது.

"பேரு?"

"மரகதம்."

ஊரில் எத்தனையோ மரகதம் உண்டு. ஆனால் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"இன்னா தொந்தரவு?"

"சோத்துக் கைய மேல தூக்க முடியல மிஸ்."

"புருஷன் இன்னா வேல பாக்குறாரு?"

பதில் இன்னொரு குரலில் வந்தது. எங்களுக்கு அடுத்த வீட்டில், படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவரின் மனைவி ஜைனப் பீ. "இங்கதான் மிஸ் நவுக்ரி. கை கால் புடிச்சு வுடறாரே, அவருதான்."

தபால்காரரின் கணுக்கால் என் கையில் இருந்தது. "இன்னா சார், நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

"தேவராஜ்" என்று மிஸ் ரொசாரியோ கூப்பிட்டார். "பென்சில் எடுத்துகினு இங்க வா. நான் அளக்கறேன், நீ எழுது."

திரையை விலக்கிக்கொண்டு போனேன். மரகதம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மிஸ் ரொசாரியோ என் பக்கம் திரும்பவே இல்லை. கையை வெந்நீரில் அலம்பித் துடைத்துக்கொண்டு, மரகதத்தின் தோளில் கோணமானியை வைத்தார்.

"பக்கவாட்டுல தூக்கு கண்ணு. முடிஞ்ச மட்டும் தூக்கு."

கை எழுந்தது. கொஞ்சம் எழுந்ததும் தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி ஏறியது. மூட்டு அசையாதபோது உடம்பு செய்கிற தந்திரம் அது; எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"அறுபது. எழுது."

எழுதினேன்.

"வெளிப்பக்கம் திருப்பு. பத்து. எழுது. இப்ப கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போ."

கை இடுப்பு எலும்போடு நின்றுவிட்டது. "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல மிஸ்" என்றாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கை. நூத்தி எம்பது. எழுது மேன்."

அந்த அட்டையில் அறுபதுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்போது விழுந்தாய் என்று மிஸ் கேட்டார். ஐப்பசி மழையில், தெருக் குழாயடியில் பாசி வழுக்கிவிட்டது என்றாள். இடுப்புக் குடத்தை விடாமல் இழுத்துப் பிடித்ததில் தோளில் சுருக்கென்றது. அப்புறம் வலிக்கும் என்று கையைத் தூக்காமலே இருந்துவிட்டாள். தூக்காத கை அப்படியே இறுகிப் போய்விட்டது.

"தலைய யாரு பின்னி வுடறா?"

"நான்தான்" என்றார் ஜைனப் பீ. "ரெண்டு மாசமா. ரவிக்ககூட நான்தான் மாட்டி வுடறேன். இந்தப் பொண்ணு கேக்காது மிஸ். நான்தான் இஸ்துகினு வந்தேன்."

"வூட்ல சொல்லலியா?"

மரகதம் என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"அவருக்கு வேல ஜாஸ்தி மிஸ்" என்றாள்.

அன்று மாலை அபிராமபுரம் போகவில்லை. வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்திக் கேட்டேன். குற்றம் செய்தவன்தானே முதலில் சத்தம் போடுவான்.

"சொன்னேன்" என்றாள் அவள். "ரெண்டு தபா சொன்னேன். மொத தபா சுடுதண்ணி ஒத்தடம் குடுன்னீங்க. ரெண்டாந்தபா இன்னா சொன்னீங்க தெரியுமா? 'சாருக்கு இன்னிக்குத் தொண்ணூறு மடங்கிச்சு'ன்னீங்க."

இடது கையாலேயே எனக்குச் சோறு போட்டாள்.

"பாப்பாவ இடது கையாலயே தூக்கிக் கத்துகினேன். அதுவும் பழகிச்சு. நான் உங்களக் கொற சொல்லல. அங்க ஒரு மனுஷன் நடக்க முடியாம கெடக்குறாரு, நீங்க போயிட்டு வரீங்க. ஆனா இந்த வூட்லயும் ஒருத்தி கீறான்னு உங்களுக்கு யாராச்சும் சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் தெரியுமா?"

மறுநாள் மிஸ் ரொசாரியோவிடம் போய், மரகதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"மாட்டேன்" என்றார். "உன் கையில வுட்டா அவ வலிக்குதுன்னு சொல்லவே மாட்டா. உனக்குப் பாவமா பூடும்னு பல்லக் கடிச்சிகினு இருப்பா. அவ என் பேஷண்ட். உனக்கு வேற வேல கீது."

"என்ன வேலை மிஸ்?"

"தண்ணி தூக்கு. மாவு ஆட்டு. அந்தக் கைக்கு மூணு மாசம் குடம் கூடாது. அத யாரு செய்வா? நான் வந்து செய்யட்டா?"

பிறகு மெழுகுத் தொட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "முன்னாடி வேற ஊருல நானும் உன்ன மாதிரிதான் மேன். காலைலேந்து வௌக்கு வெக்கிற வரைக்கும். எல்லாரும் தேவதன்னாங்க. ஒரு நாள், கை வெந்த ஒரு பொண்ணு, வலி தாங்காம என் கையத் தட்டி வுட்டா. அறஞ்சுட்டேன். பதினோரு வயசுப் பொண்ணு. அவ பேரு இன்னும் ஞாபகம் கீது." தொட்டியை மூடினார். "காலைல எட்டு மணிக்கு வர்றவனுக்கும் நல்ல கை வேணும். அதுக்குத்தான் அஞ்சு மணி."

அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

சேஷாத்ரி சாரிடம் சொல்லப் போனது எனக்கு மிகவும் கஷ்டமான நாள். வீட்டு நிலைமையைச் சொல்லி, இனி தினமும் வர முடியாது என்றேன். "எலும்பு நல்லா கூடியிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார் சார். முழங்கால் நூறு மடங்குது. நீங்களே நடக்கலாம்."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வரலேன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் என் வேலையை நான் சரியாக அளந்தேன். ஐந்து மாதம் தினமும் வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் இங்கேயுமாக முழங்காலுக்கு எண்பது டிகிரி கூட்டியிருக்கிறேன். அவருடைய பயத்தில் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. குறைய நான் விடவில்லை. அவர் ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும், கேட்பதற்கு முன்பே என் கையைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு நான் தேவைப்பட்டதைப் போலவே, எனக்கு அவர் கை நீட்டுவது தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அங்கே செலவிட்டேன். கூடத்தில் இடுப்பு உயரத்தில் இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டினேன். நடுவில் அவர் நடக்க வேண்டும்; விழப் பார்த்தால் மூங்கிலைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு நாற்காலியில் மணல்பையை வைத்து, உட்கார்ந்தபடி காலால் அதைத் தூக்குகிற பயிற்சியைக் காட்டினேன். ராஜலக்ஷ்மி அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "கூப்பிட்டாலும் உடனே ஓடி வந்து கை கொடுக்காதீங்க அம்மா" என்றேன்.

"விழுந்துட்டார்னா?"

"விழுந்தா எப்படி எழுந்திருக்கணும்னு இன்னிக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எலும்பு தாங்கும்."

தரையில் பாய் போட்டு அவரை உட்கார வைத்தேன். ஒருக்களித்து, நல்ல முழங்காலை ஊன்றி, நாற்காலியைப் பிடித்து எழுவதைக் காட்டினேன். ஏழெட்டு முறை செய்தார். முகத்தில் கோபம் தவிர ஒன்றும் இல்லை. நான் கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை. குழந்தைகளும் வாசலுக்கு வரவில்லை.

அடுத்த சில வாரங்கள் எனக்கு எளிதாக இல்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். குழாயடியில் பெண்கள் வரிசையில் குடத்தோடு நிற்பேன். "இன்னா தேவராஜ் அண்ணே, பொண்டாட்டின்னா பயமா?" என்று கேலி செய்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டத் தெரியாமல் முதல் நாள் பாதி மாவைத் தரையில் ஊற்றினேன். மரகதம் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் போடத் தோன்றியது, போடவில்லை. வசந்தா என்னிடம் வர ஒரு வாரம் பிடித்தது. அவளுக்கு நான் காலையில் சைக்கிளைத் துடைக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் உடம்பு வீட்டில் இருந்தாலும் மனசு அபிராமபுரத்துக் கூடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு முறை சைக்கிளை எடுத்து லஸ் வரை போய்த் திரும்பி வந்தேன்.

பத்து நாளில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அழகான கையெழுத்து. நம்பிக்கை கொடுத்துப் பாதி வழியில் கைவிடுகிறவனைவிட, முதலிலேயே வராதவன் மேல் என்று எழுதியிருந்தார். அதை மிஸ் ரொசாரியோவிடம் காட்டவில்லை. மரகதத்திடம் படித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "போய்ப் பாக்கணும்னா பாத்துட்டு வாங்க" என்றாள். "இல்லை" என்றேன். "அப்ப அழுவாதீங்க" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாசி மாதக் கடைசியில் ராஜலக்ஷ்மி அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தூரத்தில் அவரைப் பார்த்ததுமே எதிரே போனேன்.

"நேத்து விழுந்துட்டார்" என்றார்.

"அடிபட்டதா? எந்தப் பக்கமா விழுந்தார்? இப்ப காலை ஊன்ற முடியுதா?"

"இருங்கோ, சொல்றேன். மூங்கிலை விட்டுட்டுத் தனியா நடக்கப் பாத்திருக்கார். தொப்புனு சத்தம். அடுப்புல பால் பொங்கற சமயம். நீங்க சொன்னது ஞாபகம் வந்தது. போகலை. அந்த அடுப்பையே பாத்துண்டு நின்னேன். கூடத்துலேர்ந்து என்னைத் திட்டறார், உங்களைத் திட்டறார், அந்த மூங்கிலைத் திட்டறார். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பாத்தா, நின்னுண்டிருக்கார். மூங்கிலைப் பிடிக்கலை. கூடத்துக்கு நடுவுல, தனியா."

மிஸ் ரொசாரியோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "காலக் காட்டச் சொல்லி டாக்டராண்ட கூட்டியா. எதுக்கும் பாத்துக்குவோம்" என்றார். பிறகு ராஜலக்ஷ்மி அம்மாளின் கையைப் பிடித்து ஒரு முறை குலுக்கினார். என் கையை அல்ல. அந்த அம்மாளின் கையை. சரியான ஆளுக்குத்தான் கை கொடுத்தார்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. சேஷாத்ரி சார் டாக்டரிடம் பேசினார், மிஸ்ஸிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று கைத்தடியோடு வகுப்புக்குப் போனார் என்று அவர் மனைவி சொல்லி அனுப்பினார்.

மரகதத்தின் கை நூற்று ஐம்பது வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மேல் பரணில் இருப்பதை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவாள். இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். பிற்பாடும் சில நோயாளிகளின் நினைப்பு என்னை வீடுவரை துரத்தியிருக்கிறது. சோற்றுத் தட்டின் முன்னால் வேறெங்கோ இருந்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் மரகதம் பேச்சை நிறுத்திவிட்டு, "நான் இப்ப இன்னா சொன்னேன்?" என்று கேட்பாள். பதில் தெரியாவிட்டால் அன்றைக்கு நான் தோற்றேன் என்று பொருள். வருஷம் போகப் போகத் தோற்பது குறைந்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள் மாலை நாங்கள் மூவரும் மயிலாப்பூருக்குப் போயிருந்தோம். வடக்கு மாட வீதியில் வசந்தாவுக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே சேஷாத்ரி சார் வந்தார். கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்கள். கைத்தடி இல்லை. நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். முகம் இறுகியது. சட்டென்று திரும்பி, ஒரு சைக்கிளுக்கும் ரிக்ஷாவுக்கும் நடுவே புகுந்து தெருவைக் கடந்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த புத்தகக் கடையின் உயரமான படியில் ஏறி உள்ளே போய்விட்டார்.

"யாருங்க அது?" என்றாள் மரகதம். "உங்களப் பாத்துட்டு அந்தாண்ட போறாரு."

"என் பேஷண்ட். அபிராமபுரம்."

"அவரா?" அவள் அந்தக் கடையையே பார்த்தாள். "இன்னும் கோவமாத்தான் கீறாரு. நீங்க இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு கால் பலவீனமானவன் படி ஏறும்போது நல்ல காலைத்தான் முதலில் வைப்பான். நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். எலும்பு கூடி வருஷங்கள் ஆன பிறகும் பலர் அப்படித்தான் ஏறுவார்கள். சேஷாத்ரி சார் என்மேல் இருந்த கோபத்தில் கீழே குனிந்துகூடப் பார்க்காமல், நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு, அந்த உயரமான படியில் முறிந்த வலது காலைத்தான் முதலில் வைத்து ஏறினார்.